பின்சக்கரத்துக்கு ஒரு பூட்டு

தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறு பத்துக்குக் கடம்பூரிலிருந்து ஜீப்பை எடுத்தேன். சத்தியமங்கலம், புளியம்பட்டி, அவிநாசி வழியாகத் திருப்பூருக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் நான் ஆசிரியை. இருபது வருடப் பழசான அந்த ஜீப், எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆம்புலன்ஸும்கூட.

ஆடி மாத மழையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வரும்போது பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில் தொங்கிவிட்டது. தொங்கிய சக்கரம் வெறுமனே சுற்றியது. தரையில் இருந்த சக்கரம் அசையவில்லை. இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் அப்படித்தான், பிடிப்பில்லாத பக்கத்துக்கே சுழற்சி முழுவதையும் கொடுத்துவிடும். நான்கு பேர் அவளைப் போர்வையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் ஒன்று போட்டால்தான் இனி மழையில் வண்டியெடுப்பது என்று முடிவு செய்தேன். திருப்பூர் வேலம்பாளையத்தில் துரைசாமி என்ற மெக்கானிக் வெளிநாட்டு லாக்கர்களை மாட்டித் தருவார் என்று சத்தியமங்கலத்தில் சொன்னார்கள். காயின் போனில் பேசியபோது, "வாங்க டீச்சர், பாத்துக்கலாம்" என்றார்.

மணி ஒன்பது. திருப்பூருக்குள் நுழைந்ததும் வழி தவறிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. பண்டிகைக்கு ஊரே கிளம்பிப் போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் மதுரைக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். காதர்பேட்டைக் கடைத்தெருவில் அத்தனை ஷட்டர்களும் இறங்கியிருந்தன. சாலை முழுக்கச் சிவப்புப் பட்டாசுக் காகிதம். அதன் மேல் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. சிக்னல் மட்டும் யாருமில்லாத நான்கு சாலைகளுக்குப் பச்சையும் சிவப்பும் மாற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு விழுந்தபோது நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

வேலம்பாளையப் பட்டறையில் காத்திருந்த துரைசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மூணு வகை இருக்குதுங்க. காத்துல பூட்டறதுக்குத் தனியா கம்ப்ரசர் வேணும், உங்களுக்குத் தோதுப்படாது. லீவரை இழுத்துப் பூட்டறது எங்கிட்ட ஒண்ணு இருக்குது, பதினெட்டாயிரம். தானாவே பூட்டி தானாவே எடுத்துக்கறது சோமனூர்ல ஒரு வண்டில கெடக்குது. ஒம்பதாயிரத்துக்குக் கேக்கலாம்."

"எது நல்லதுங்கண்ணா?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அதையும் பாத்துப்போட்டுச் சொல்லுங்க" என்றார்.

பாதி விலை. லீவரும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம். என் மனம் அப்போதே சோமனூர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது.

என் ஜீப்பிலேயே நானும் துரைசாமியும் பதினொரு மணிக்கு மங்கலம் தாண்டினோம். நொய்யலில் தண்ணீர் இல்லை. சாயப்பட்டறைகளும் விடுமுறை. ஆற்று மணல் சாயம் ஏறிக் கருநீலமாகக் கிடந்தது. கொக்கு ஒன்று அந்த நீலத்தில் நின்றுகொண்டிருந்தது. பாலத்தை நாங்கள் கடக்கும்வரை அது அசையவில்லை.

சோமனூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும் என்பார்கள். அன்று எங்கள் எஞ்சின் சத்தம்தான் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தெருக்கோடியில் ஒரு தறி ஷெட். சரஸ்வதி என்ற பெண் கதவைத் திறந்தார். வயது முப்பத்தைந்துக்குள். "வாங்கண்ணா" என்று துரைசாமியிடம் சொன்னாரே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே இருட்டு. எட்டுத் தறிகள் துணியைக் கவ்வியபடி நின்றன. கடைசித் தறிக்கு அப்பால் அந்த ஜீப். பஞ்சுத் தூசி விரல் தடிமனுக்குப் படிந்து, வண்டியே பஞ்சால் செய்ததுபோல் வெள்ளையாக நின்றது. ஓட்டுநர் இருக்கை மட்டும் சுத்தமாக இருந்தது. தூசியின் சுவடே அதில் இல்லை.

துரைசாமி பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்தார். "அந்தச் சக்கரத்தைச் சுத்துங்க டீச்சர்."

இடது சக்கரத்தை மெல்ல முன்னால் தள்ளினேன். என் ஜீப்பில் இப்படித் தள்ளினால் அந்தப் பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் போகும். இங்கே வண்டிக்கு அப்பால், அடியில் விளிம்பு மட்டும் தெரிந்த வலது சக்கரம் நான் தள்ளிய அதே திசையில் என்னோடு கூடவே சுற்றியது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து என் கையைப் பார்த்துச் செய்வதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

"லைட்டு போடறனுங்க" என்று சரஸ்வதி மெயின் சுவிட்சைத் தூக்கினார்.

விளக்கோடு ஒரு தறியும் ஓடத் தொடங்கியது. தீபாவளிக்கு மெயினை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தறியின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார்கள். காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்த அமைதிக்குப் பிறகு அதன் அடி நெஞ்சில் விழுந்தது. தரை அதிர்ந்தது. ஜீப்பின் மேலிருந்து பஞ்சு உதிர்ந்தது. ஸ்டீரிங் நடுங்கியது. தூக்கி நிறுத்தியிருந்த இரண்டு பின்சக்கரங்களும் யாரும் தொடாமலே மெல்ல, சேர்ந்தே நகர்ந்தன.

சரஸ்வதி தறியை நிறுத்தவில்லை. ஓட்டுநர் இருக்கையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எட்டும் ஓடறப்ப இதுல உக்காந்துக்குவனுங்க. வண்டி ஓடற மாதிரியே ஆடும்."

அவரே சொன்னார். "ஆனைகட்டிப் பக்கம் தோட்டமுங்க. மழைல எங்கூட்டுக்காரரு எறக்கத்துல வந்திருக்காரு. ரோட்டு வளவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்ததும் பின்னாடி ஒதச்சுருச்சுன்னு கூட வந்த ஆளு சொன்னாரு. வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. அவரு மட்டும் வெளிய உளுந்துட்டாரு. தானா பூட்டறது தானாத்தான எடுக்கும், நம்மளக் கேட்டுட்டா எடுக்கும்?" பிறகு, அதே குரலில், "இந்தண்ணன்தான் மாட்டிக் குடுத்தாரு" என்றார்.

நான் துரைசாமியைப் பார்த்தேன். அவர் ஜாக்கியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"வேணும்னா கழட்டிக்கங்க. உங்ககிட்டச் சொல்லாம விக்க மனசு வல்லீங்க" என்றார் சரஸ்வதி.

"வேண்டாங்கம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுத் தறியை அணைக்கப் போனார்.

திரும்பும் வழியில், மங்கலம் தாண்டியதும், துரைசாமியிடம் கேட்டேன். "என்னை ஏன் அங்கே கூட்டிட்டுப் போனீங்க?"

"நாஞ்சொல்லியிருந்தா வெலை சாஸ்தியானதை விக்கறதுக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்பீங்க. அதுவுமில்லாம..." நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். "அந்த அம்மணி வாயால கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணோணும்னு இருந்துச்சுங்க. எனக்கே சொல்றதுக்குத் தெம்பில்ல."

அவரிடம் வேலையே கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, இனி இந்த வேலையை இவரளவுக்குப் பயந்து செய்கிறவர் வேறு யாரும் கிடைக்க மாட்டார் என்று பட்டது. லீவர் வகையையே மாட்டச் சொன்னேன். மறுநாள் மாலை நான்கு மணிவரை வேலை நடந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை முறுக்கிப் பார்த்தார். நீலமாகக் கிடந்த ஆற்று மணலில் இறக்கி ஓட்டச் சொன்னார். ஒரு சக்கரம் புதைந்தது. லீவரை இழுத்தேன். இரண்டும் சேர்ந்து கடித்து ஏறின.

"தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம பூட்டை எடுத்துடோணும். வளவுக்கு முன்னாடி கட்டாயம் எடுத்துடோணும்."

கிளம்பும்போது, "அந்த வகை இன்னும் யாருக்காவது மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"மொத்தம் மூணுங்க. அவரு போனதுக்கப்பறம் ஒண்ணைத் தேடிப் போயி, காசைத் திருப்பிக் குடுத்துக் கழட்டிட்டேன். இன்னொண்ணு கை மாறிப் போச்சு. பச்சை ஜீப்பு. மலைப் பக்கம் போயிருக்குதுன்னாங்க. எந்த மலைன்னு தெரியலீங்க. திரும்பறப்ப பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம் வரும். பாத்தீங்கன்னா நிறுத்திச் சொல்லுங்க. நான் வந்து சும்மாவே கழட்டிக் குடுக்கறேன்."

திருப்பூரில் ஆள் இல்லாத சாலை எவ்வளவு பயமாக இருந்தது என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னபோது, நம் ஊர்ச் சாலை எப்போதும் அப்படித்தானே டீச்சர் என்றார்கள். உண்மைதான். ஆனால் இங்கே இப்போதெல்லாம் எதிரே பழைய ஜீப் வந்தால் கையைக் காட்டி நிறுத்துகிறேன். சில பச்சை வண்டிகள் நீலம் அடித்துக்கொண்டு வருகின்றன. அதனால் நிறத்தைப் பார்ப்பதில்லை. திரும்பும்போது பின்னால் சத்தம் வருகிறதா என்று கேட்கிறேன். இதுவரை பதினொரு பேர். இல்லை என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்று முதல் மழை விடாமல் பெய்கிறது.