ஸ்லைடுக்குள் கரகரத்த மணல்

தங்கச்சிமடத்தில் ஒரு பெண்ணின் மேல் நான் பொய்ப்பழி போட்டேன். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். தங்கச்சிமடம் போன்ற தீவுக் கிராமங்களில் சாவு விழுந்தால், பெட்டியை மூடுமுன் வீட்டார் சுற்றி நிற்க ஒரு படம் எடுப்பார்கள். பலருக்கு வாழ்நாளின் ஒரே படம் அதுதான். கடலில் இறந்த சூசைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஐப்பசி மாதம். வாடைக்காற்று மணலை வாரி அடித்தது. படம் பதியும் கண்ணாடி பிளேட்டுகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுக் கேமராவில் செருகும் டபுள் ஸ்லைடை ரப்பர் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தேன். தூறல் விழுந்ததும் அந்த ஷீட்டை உருவிக் கேமராவின் மேல் போர்த்தினேன். ஸ்லைடு திறந்த பையில் கிடந்தது.

சூசையின் மனைவி ஆரோக்கியம் பெட்டியின் விளிம்பில் கைவைத்து, நான் சொன்னபடி மூச்சை அடக்கி நின்றாள். ஸ்லைடின் மூடியை இழுத்தபோது கரகரத்தது. உள்ளே மணல். பிளேட்டில் கீறல் விழுகிறது என்று தெரிந்துவிட்டது. மறுபக்கத்து பிளேட்டுக்கும் அதே சத்தம். வேறு பிளேட்டுகள் இருந்தன. துடைத்து மாற்ற அரைமணி நேரம் போதும். ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல வெட்கப்பட்டேன். "முடிஞ்சது" என்றேன். பெட்டியை மூடினார்கள்.

கழுவிப் பார்த்தால் சூசையின் நெற்றி முதல் மோவாய்வரை கோடுகள். இரண்டு பிளேட்டையும் உடைத்துப் போட்டேன். சூசையின் தாயார் ரயிலேறி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"எம் மவன் மொகம் தெளிவா விழுந்திருக்கா, தம்பி?"

"எங்கம்மா? உங்க மருமக கை நடுங்கிப் பெட்டி அசைஞ்சுபோச்சு. மொகமே கலைஞ்சிருச்சு."

யோசிக்காமல் வாயில் வந்தது அது.

மூன்று வருஷம் கழித்து அதே தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனேன். அங்கே வந்திருந்த சூசையின் தாயார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "படக்காரரே, எம் மருமகள அங்கிட்டுப் போகச் சொல்லுங்க. புருசன் மொகத்த அழிச்சவ. மாப்பிள்ள மொகமாவது மிஞ்சட்டும்."

சிலர் சிரித்தார்கள். ஆரோக்கியம் தானாகவே விலகிப் போனாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்தேன்.

மறுவாரம் சூசையின் வீட்டுக்குப் போய், மாமியார் மருமகள் இருவர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அந்தக் கண்ணாடியக் காட்டு" என்றார் தாயார்.

"ஒடைச்சுட்டேம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வருசமா இல்லாத மணலு இப்ப எங்கன இருந்து வந்துச்சு? இவளுக்காகப் பொய் சொல்ல வந்திருக்கியே, இவ ஒனக்கு என்ன வேணும்?"

ஆரோக்கியம் வாசல்வரை வந்தாள். "போயிருங்கண்ணே. ஒரு பழியோட இருந்தேன். இன்னொண்ணும் வாங்கிக் குடுத்துட்டீக."

அந்த மாதமே அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கடற்கரையில் படம் எடுப்பவர்கள் ரப்பர் ஷீட் இரண்டு கொண்டுபோங்கள்: கேமராவுக்கு ஒன்று, ஸ்லைடுக்கு ஒன்று. மணல் கரகரத்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். கெட்டுப்போன பிளேட்டை உடைக்காதீர்கள். என்றாவது உண்மையைச் சொல்லப் போனால், கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.