ஸ்டிக்கர் கிழிக்காத கூலிங் கிளாஸ்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், சென்னை பஸ் கிளம்ப நேரமிருந்தது. என் பக்கத்தில், ஜன்னலோரமாக ஒருவர். கூலிங் கிளாஸில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட அவர் கிழிக்கவில்லை. பின் சீட்டில் அவர் மனைவியும் மகளும் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சென்னைக்கா?" என்றேன்.

"இல்லீங்க, சும்மா டூர். ஞாயித்துக்கிழமையானா குடும்பத்தோட ஏதாவது ஒரு பஸ்ல ஏறி உக்காருவோம். கிளம்புறப்ப இறங்கிடுவோம். மிச்சமாவுறத மியூச்சுவல் ஃபண்டுல போட்டுடுவேன். நாப்பத்தஞ்சு வயசுல ரிட்டயர் ஆயிடுவேன்."

"அப்புறம் நெஜமாவே ஊர் சுத்தலாம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது எதுக்குங்க? அப்புறம் தினமும் இங்க வரலாமே!"

பின் சீட்டில் சாப்பிடும் சத்தம் நின்றது.

டிரைவர் பஸ்ஸைக் கிளப்பினார். "மெட்ராஸ் பாத்தாச்சு, இறங்குங்க" என்று சொல்லிவிட்டு கூலிங் கிளாஸ்காரர் முதலில் இறங்கினார். மற்ற இருவரும் அசையவில்லை.

அந்த அம்மா கண்டக்டரிடம் பணத்தை நீட்டினார். "உளுந்தூர்பேட்டை ரெண்டு."

"இறங்குடி, இது லேடீஸ் ஃப்ரீ பஸ் இல்ல!" என்று கத்திக்கொண்டே அவர் பஸ் கூடவே ஓடிவந்தார். பஸ் ஸ்டாண்ட் வாசல் வளைவில் மூச்சு வாங்க நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, பஸ் மறையும்வரை டாட்டா காட்டினார்.