ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. இதில் வரும் நேரங்கள் எல்லாம் சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டுகிற ஸ்கூபா கடிகாரம் ஒன்றில் தானாகப் பதிவானவை. அதன் சொந்தக்காரன் ஒரு லிப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கம்பியில் தொங்கி வேலை பார்க்கிறவன், சுலபத்தில் பயப்படுகிற ஆளில்லை. இப்போது குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறான்.

நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில்.

அவனைக் கடலுக்கு இழுத்து வந்தவர் அக்கா புருஷன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், கடல் பைத்தியம். ஆமையோடு நீந்த வேண்டும், மீன் கூட்டத்துக்கு நடுவே அந்தரத்தில் மிதக்க வேண்டும், முங்கின கப்பலுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். வருஷம் பூராவும் இதே பேச்சு.

"மாப்ள, நீ லிப்டுல மாட்டினவங்களத்தான பாத்திருக்க? கப்பலுக்குள்ள குடித்தனம் பண்ற மீனப் பாத்ததில்லையே. வா."

அக்காவுக்குத் தண்ணீர் ஆகாது. படகிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் ஒண்ணா வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

11:04. இறங்கினார்கள். வழிகாட்டி, இன்னும் இரண்டு பயணிகள், மாமா, அவன். ஆளுக்கொரு ஜோடி என்பது விதி. மாமாவுக்கு ஜோடி அவன்.

11:09. ஒரு ஆமை வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு முதுகு. பயமே இல்லாமல் மாமாவின் முகத்துக்கு நேரே வந்து பார்த்துவிட்டுப் போனது. மாமா தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையையும் தூக்கிக் குத்தாட்டம் போட்டார். அவனுக்குச் சிரிப்பில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

11:15. கப்பல். பதினெட்டு மீட்டர் ஆழத்தில், பாசி மூடி, சாய்ந்து கிடந்தது. வழிகாட்டி மற்ற இருவரோடு பின்பக்கம் போனார். மாமா ஒரு அறையைக் காட்டி, 'நீ இங்கேயே இரு' என்று சைகை செய்துவிட்டு உள்ளே நுழைந்தார். வாசல் கப்பலின் அந்தப் பக்கம். அவன் இந்தப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே மிதந்தபடி பார்த்தான். உள்ளே மாமாவின் டார்ச் வெளிச்சம் அலைந்தது.

11:23. பின்னாலிருந்து தோளில் ஒரு கை.

திரும்பினான். மாமா.

எப்போது வெளியே வந்தார்? யோசிக்க நேரமில்லை. மாமா கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டினார். காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே தன் சிலிண்டரில் கூடுதலாக இருந்த வாய்க்குழாயை எடுத்து நீட்டினான். மாமா அதைப் பற்களால் கவ்விக்கொண்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே ஏறினார்கள்.

அவனுடைய சிலிண்டர் முள் காட்டிய காற்று, 110. இறங்கும்போது 200.

வழியில் அதே ஆமை எதிர்ப்பட்டது. மாமாவைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி... அடித்துப் பிடித்து ஓடியது.

11:26. ஐந்து மீட்டர். இங்கே மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நேராக மேலே போனால் உடம்பு தாங்காது. கையைப் பிடித்தபடி நின்றார்கள்.

காற்று, 70.

அவன் மூச்சு விடும்போதெல்லாம் குமிழிகள் கொப்பளித்து மேலே போயின.

மாமாவிடமிருந்து ஒரு குமிழிகூட இல்லை.

இழுக்கிறார். முள் இறங்குகிறது. வெளியே விடவே இல்லை.

11:27. டங்... டங்... டங்...

கீழேயிருந்து. சிலிண்டரைக் கம்பியால் தட்டுகிற சத்தம். ஆபத்தில் இருப்பவர்கள்தான் அப்படித் தட்டுவார்கள்.

அவன் கீழே கை காட்டினான்.

மாமா தலையை ஆட்டினார்.

வேண்டாம்.

பிடி இறுகியது.

11:28. டங்... டங்...

காற்று, 40. இதை வைத்துக்கொண்டு கீழே போனால் திரும்ப முடியாது. மாமாதான் பக்கத்தில் இருக்கிறாரே. தட்டுவது வேறு யாரோ... அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மாமா கண் சிமிட்டவில்லை.

11:29. டங்...

அப்புறம் சத்தமில்லை.

காற்று, 10.

மேலே உதைத்தான்.

வெயில். படகு. அக்காவின் முகம்.

"அவரு எங்கடா?"

"இதோ, கையப் பிடிச்சுட்டு..."

விரல்கள் இன்னும் எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

கையில் யாருமில்லை.

11:50க்கு வழிகாட்டி மாமாவைக் கண்டுபிடித்தார். அந்த அறைக்குள், ஜன்னலோடு ஒட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தார். சிலிண்டர் காலி.

"எனக்குப் புரியவே இல்ல" என்றார் வழிகாட்டி. "அந்த வாசல்ல கதவே கிடையாது. ரெண்டு பேர் சேர்ந்தே வரலாம். அந்தக் கப்பல்ல இதுக்கு முன்னாடி யாரும் செத்ததும் இல்ல. டைவிங்குக்காகன்னு நாங்களே துடைச்சுக் கழுவி முழுகடிச்ச கப்பல் சார் அது."

அக்கா அவனோடு பேச்சை நிறுத்தினாள். விட்டுவிட்டு வந்தவன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. மாமாவின் உடைமைகளோடு போலீஸ் திருப்பிக் கொடுத்த ஒரு பொருளை நீட்டினாள். தண்ணீருக்கு அடியில் பென்சிலால் எழுதுகிற சின்னப் பிளாஸ்டிக் பலகை. எழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பி மார்போடு அணைத்திருந்தாராம்.

மாமா கையெழுத்துத்தான். முதல் வரி தெளிவாக இருந்தது.

'மாப்ள, வெளிய உன்கூட நிக்கறது நான் இல்ல.'

அதற்குக் கீழே, கோணல்மாணலாக, இன்னொரு வரி.

'இங்க வாசல்ல காத்து கேட்டு நிக்கறது நீதானா?'