இரட்டை எண்ணிக்கை

சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். அங்கே மிகப் பெரிய குற்றம் லஞ்சம் வாங்குவது அல்ல, ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணுவது. லஞ்சத்துக்காவது விசாரணை, விளக்கம், மேல்முறையீடு என்று வழிகள் உண்டு.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, கர்ப்பிணிகளுக்கு நாம் செய்யும் சேவையை எந்த எண்களை வைத்து அளப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழுவில் பத்துப் பேர் இருந்தோம். எழுதியது நான் ஒருவன். எல்லோருக்கும் பிடித்த அளவுகோல் ஒன்று தேறியது. சிக்கல் உள்ள கர்ப்பிணிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு வாரந்தவறாமல் ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது? தொண்ணூறுக்கு மேல் என்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கலெக்டர்கூட ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம்.

ஒரு பெண் எந்த ஊரின் பட்டியலில் வருவாள் என்பதுதான் தொல்லை. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பும் கட்டுச்சோறு விருந்தும் முடிந்ததும் பெண்ணை அவளுடைய அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். புருஷன் ஊர் நர்ஸ் அவளைத் தன் பதிவேட்டிலிருந்து எடுக்கமாட்டார். தாய் ஊர் நர்ஸ், வாசலில் வளையல் சத்தம் கேட்டதும் தன் பதிவேட்டிலும் எழுதிவிடுவார். விளைவாக, மாவட்டத்தில் இருப்பதைவிட அதிகமான கர்ப்பிணிகள் காகிதத்தில் இருந்தார்கள்.

நான் விதி எழுதினேன். ஒரு பெண்ணுக்கு ஒரு ஊர், அது அவள் வழக்கமாகக் குடியிருக்கும் ஊர். ஊரைவிட்டுப் போனால் 'வெளியூர்' என்று எழுதி அவள் வரியை மூட வேண்டும். போன ஊரில், மாற்றல் கடிதம் வந்த பிறகே அவள் பெயரைச் சேர்க்க வேண்டும்.

விதியை நர்ஸ்களுக்கு விளக்கிய கூட்டத்தில், பின்வரிசையில் இருந்த வயதான நர்ஸ் ஒருவர் எழுந்தார். "ரெண்டு பக்கம் எழுதுனா என்னங்க சார் கெட்டுப்போச்சு? ரெண்டு பேரு போய்ப் பாப்பாங்க, அவ்வளவுதானுங்களே."

"அவளுக்கு ரெட்டைக் குழந்தை பொறந்தா ரெண்டு பக்கமும் எழுதிக்கலாங்க," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மாவும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வருடம் மாவட்டம் முழுக்கப் பச்சை. எனக்கு ஒரு சால்வை கிடைத்தது.

இப்போது நகரத்தின் வடக்குக் கோடியில் சொந்த வீட்டில் இருக்கிறேன். மாடியில் ஒரு இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அவன் பக்கத்துப் பகுதியான கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவளுக்கு இது தலைப்பிள்ளை. ஆறாம் மாதத்திலேயே அழுத்தம் ஏறியதால் எங்கள் பகுதி நர்ஸ் வாரம் ஒரு முறை வந்து பார்த்துப் போனார். ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து நடந்தது. எனக்கும் ஒரு இலை போட்டார்கள். புளிச்சோறும் எள்ளுச்சோறும் நன்றாகவே இருந்தன. சாயங்காலம் அவளை, கிணத்துக்கடவு தாண்டி உள்ளே இருக்கும் அவளுடைய கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்டருகில் அவன் என்னைப் பார்த்து நின்றான். அவள் கால் வீங்கியிருக்கிறதாம், செருப்பு ஏறவில்லையாம். அந்த ஊர் நர்ஸ் இதுவரை வரவில்லை என்றான். "இவ பேரு அவங்க லிஸ்ட்ல இல்லைங்களாமா சார்."

எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததில் லேசாக ஒரு பெருமைகூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கிளம்பிப் போயிருக்க வேண்டியவன், திங்கட்கிழமை பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்கள் பகுதியில் அவள் வரி முறையாக மூடப்பட்டிருந்தது. மாற்றல் கடிதம் எழுதப்பட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது யார் போடலாம் என்று எனக்குத் தெரியும். எந்தச் சுற்றறிக்கை என்றும் சொன்னேன். செவ்வாய் மாலை கடிதம் போய்விட்டது என்றார்கள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை அவன் மறுபடியும் வந்தான். அவளுக்கு விடியலிலிருந்து தலைவலியாம், கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். அந்த அறிகுறியைப் பற்றி நான் எத்தனை படிவங்களில் கட்டம் போட்டிருக்கிறேன். உக்கடத்தில் பஸ் பிடித்து இருவரும் போனோம். வழி முழுக்க அவன் ஒரு கேள்விதான் கேட்டான், இது எல்லோருக்கும் வருவதுதானே என்று. ஆமாம் என்றேன்.

அவள் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகமே வேறாக இருந்தது. நான் நர்ஸைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அவர் கருவியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் ஓடினார். பட்டையைச் சுற்றி அளந்தவர், நம்பாமல் மறுபடியும் அளந்தார். நூற்று எழுபதுக்கு மேல். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கடுதாசி நேத்துப் பொழுதோடதாங்க வந்துச்சு. இன்னிக்கு வரலாம்னு இருந்தனுங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. அறுவைசிகிச்சை செய்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. அவள் நான்கு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து மீண்டாள்.

ஒரு வாரம் கழித்து அந்த நர்ஸ் எனக்குப் போன் செய்தார். இந்தப் பிரசவத்தை எந்த ஊரில் காட்டுவது என்று கேட்டார். பாவம், என்னைவிட்டால் விதி தெரிந்தவர் யார். வழக்கமாகக் குடியிருக்கும் ஊரில் என்றேன். அங்கே அவள் வரி மூடியாயிற்று. இவருடைய பட்டியலிலோ ஒரு நாள்தான் இருந்தாள், அன்றைக்கு அழுத்தமும் பார்க்கப்பட்டது. ஆக அந்த மாதம் இரண்டு ஊருமே பச்சை.

மாதம் ஒன்று போனதும் அவளைத் திரும்ப மாடிக்குக் கூட்டிவந்தார்கள். அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, தொடர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும். நான் ஒரு கருவி வாங்கி வைத்து, காலையில் அவள் கீழே இறங்கி வரும்போது அளந்து எழுதிவைத்தேன். கையை நீட்டிவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மருத்துவமனைக்கு நேரத்துக்குக் கொண்டுபோனது நான்தான் என்று அவள் புருஷன் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

ஒரு நாள் அவள் அப்பா வந்தார். தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாக ஒரு சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த நர்ஸ் மீது மனுக் கொடுக்க வேண்டும், அதை நான்தான் எழுதித் தரவேண்டும் என்றார். "யாருக்குப் போடோணும், எப்படிப் போடோணும்னு உங்களுக்குத்தானுங்க தெரியும். அந்தம்மா வேலை போகோணுங்க."

காகிதத்தை எடுத்தேன். பெறுநர் முகவரி வரை எழுதினேன். அவ்வளவு சரியாக எழுதினால் அந்த நர்ஸின் வேலை நிஜமாகவே போய்விடும். பேனாவை மூடினேன்.

"அந்தம்மா மேல தப்பில்லைங்க," என்றேன்.

"அப்ப ஆரு மேலங்க?"

சொன்னேன். குழு, விதி, மூடிய வரி, ஞாயிறு முதல் புதன் வரை நான் பார்த்த வேலை எல்லாவற்றையும். சதவீதம் பற்றி நான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. அதை ஒதுக்கிவிட்டு ஒன்று மட்டும் கேட்டார். "முன்ன மாதிரி ரெண்டு பக்கமும் எழுதி வெச்சிருந்தா, அந்தம்மா மொத வாரமே வந்திருப்பாங்களாங்க?"

"வந்திருப்பாங்க."

அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டே போனார். மாடிப்படியில் அவருடைய மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் இறங்கி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவனும் என் கேட்டைத் தாண்டும்போது போனைப் பார்த்துக்கொண்டே போனான். அவளுடைய மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீரும் என்று எனக்குத் தெரியும். மேலே போய்க் கதவைத் தட்டும் தைரியம் இல்லை. எங்கள் பகுதி நர்ஸிடம் போனேன். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணை எழுத இதில் இடமே இல்லைங்களே சார், குழந்தை இருந்தால்தானே பிரசவத்துக்குப் பிந்தின பார்வைக்கு வரி வரும் என்றார். அந்தப் படிவமும் நான் போட்டதுதான்.

"எங்கயும் எழுத வேண்டாங்க. மாடியில இருக்கறா. போய்ப் பாருங்க."

அவர் போனார். நான் கீழே நாற்காலியில் இருந்தேன். மேலே கதவு திறக்கும் சத்தமும், அப்புறம் அவள் குரலும் கேட்டன. கால் மணி நேரம் கழித்து நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அளவு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இனி வாரம் ஒரு தடவை வருவதாக அவராகவே சொல்லிவிட்டுப் போனார்.