எல்லம்மா அடித்த வெள்ளை

சென்ற திங்கட்கிழமை காலை என் வகுப்பறைக் கதவைத் திறந்ததும் கண் கூசியது. வெயில்தான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது... கூச வைத்தது சுவர்.

நீலம் கலந்து அடித்த புதுச் சுண்ணாம்பு. அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் செம்மண் பட்டை. உகாதிக்கு எங்கள் பாகலூர்ப் பக்கத்து வீடுகள் எப்படி ஜொலிக்குமோ, அப்படி ஜொலித்தது அறை. யார் பார்த்தாலும் பேஷ் என்பார்கள். எனக்கோ அங்கேயே உட்கார்ந்து அழுதால் தேவலை என்றிருந்தது.

வெள்ளையடித்த சுவரைப் பார்த்து அழுகிறவளும் உண்டா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் பாலர் வகுப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். ஓசூரிலிருந்து பாகலூர் போகிற ரோட்டில், பெரிய பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓடு வேய்ந்த ஒற்றை அறை. எல்லாம் நாலு வயசு, ஐந்து வயசு. ஒன்று தமிழில் அழும், இன்னொன்று தெலுங்கில் அழும், மூன்றாவது கன்னடத்தில் அழும். இந்தத் தாலுகா மதராஸோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்று டீக்கடையில் பெரியவர்கள் மேஜையைத் தட்டுகிறார்கள். என் வகுப்பில் அந்தச் சச்சரவு கிடையாது. ஒழுகுகிற மூக்குக்கு ஏது ராஜ்யம்?

நான் வந்த புதிதில், மற்றவர்களைப் போல சிலேட்டைத்தான் கொடுத்தேன். "கையைக் கட்டு" என்றால் கட்டினார்கள். "வாயைப் பொத்து" என்றால் பொத்தினார்கள். வகுப்பு அத்தனை அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. குழந்தைகள் இருக்கிற இடமா இது, கோர்ட்டா?

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான் நான் நடத்திய பாடம். பாவாடையிலும் டவுசர் பையிலும் வந்து சேர்ந்தது ஒரு கடையே. செம்மண் கட்டி, உடைந்த ஓடு, அவரை இலை, மல்பெரிப் பழம், அடுப்புக் கரி, ஒரு செத்த வண்டு. வண்டைத் தவிர மற்றதையெல்லாம் கல்லில் வைத்து நசுக்கினோம். சிவப்பு வந்தது, பச்சை வந்தது, ஊதா வந்தது. வேப்பங்குச்சியின் நுனியை மென்றால் பிரஷ்.

காகிதம்? அதற்கு நான் எங்கே போவேன்... வகுப்பின் சுவர் காரை பெயர்ந்து, அழுக்கேறி, யாருக்கும் வேண்டாததாக நின்றது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பஷீர் என்று ஒரு வாண்டு. ஏரியை வரைந்து சிவப்பாக அப்பிவிட்டான். "தண்ணி நீலமா இருக்காதாடா?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். "டீச்சர், மழ வந்தா நம்ம ஏரி செவப்பாத்தான இருக்குது?" என்றான். வாஸ்தவம். நீலத் தண்ணீரை நான்தான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், அவன் ஏரியைப் பார்த்திருக்கிறான்.

ஆனால் நான் சொல்ல வந்தது நாகியைப் பற்றி.

நாகி எல்லம்மாவின் மகள். எல்லம்மா மல்பெரித் தோட்டத்தில் தழை பறிக்கப் போகிறவள். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், பள்ளியில் தமிழ். எந்தப் பேச்சை எடுப்பது என்று தெரியாமலோ என்னவோ, நாகி எதையுமே எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டாள். ஊமையோ என்று நான் பயந்த நாட்கள் உண்டு.

ஏரிக்கரையில் மற்றவர்கள் ஓடுவார்கள். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எறும்புச் சாரியையே பார்ப்பாள். மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு நாள் கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. பிறகு கால்கள். எறும்பு! அதற்குப் பின்னால் இன்னோர் எறும்பு...

தினமும் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அவள் இடுப்பு உயரத்தில் அந்தச் சாரி பஷீரின் ஏரியைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு அடியில் புகுந்து, கதவை நோக்கிப் போயிற்று. ஓர் எறும்பு மட்டும் எதிர்த் திசையில் திரும்பி நின்றது. "இது ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டேன். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"சீம... அம்மாவ தேடுது" என்றாள்.

தெலுங்கில் எறும்பு 'சீம'. நாகியிடமிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. அன்று வீட்டுக்குப் போனதும் அதை என் கணவரிடம் எத்தனை முறை சொன்னேனோ, அவர் கடைசியில், "சரிம்மா, சீமதான், இப்பவாவது சோறு போடு" என்றார்.

பள்ளிக்கூட மேனேஜருக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை. "பிள்ளைகளை ஏரிக்கரையில மேய்க்கறதுக்கு டீச்சர் எதுக்கு?" என்றார். நான் வாதாடினேன். கடைசியில் ஒரு சமரசம். "இன்ஸ்பெக்டர் வரட்டும். அவர் உங்க சுவரைப் பார்த்துட்டு சரின்னு சொன்னா, இப்படியே நடத்துங்க. இல்லேன்னா ஜூன்லேருந்து சிலேட்டு, அரிச்சுவடி, பிரம்பு. பேச்சே கிடையாது."

சம்மதித்தேன். எனக்குச் சுவரின் மேல் அத்தனை நம்பிக்கை. நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டால் காட்டுவதற்கு வேறு எதுவும் என்னிடம் இல்லையே.

சனிக்கிழமை நாகியை அழைத்துப்போக எல்லம்மா வந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார் எல்லம்மா. முக்கியமா நம்ம சுவரைப் பார்க்கத்தான் வர்றார். நல்லபடியா முடியணும்" என்றேன்.

எல்லம்மா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆவட்டும் டீச்சரம்மா. நீங்க ரோசன பண்ணாதீங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

சாமிக்கு வேண்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள் என் சாமர்த்தியத்தை. உகாதி வருகிறது, ஊரெல்லாம் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய அதிகாரி சுவரைப் பார்க்க வருகிறார் என்றால் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

திங்கட்கிழமை நான் கதவருகே மரமாக நின்றபோது எல்லம்மாவும் இன்னும் சில தாய்மார்களும் வாசலில் காத்திருந்தார்கள். முகமெல்லாம் பெருமை. காவல்காரரிடம் சாவி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூராவும் உழைத்திருக்கிறார்கள்.

"புள்ளைங்க கன்னாபின்னான்னு கிறுக்கி வெச்சிருந்துச்சுங்களே. வர்றவரு பாத்தா உங்களத்தான திட்டுவாரு?" என்றாள் எல்லம்மா. "எங்க ஊட்டுக்கே இன்னும் அடிக்கலீங்க. மொதல்ல பள்ளிக்கூடம்னுட்டோம்."

அவள் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று வெந்துபோயிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு எல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர்கள் நகர்ந்ததும் ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தேன். சுண்ணாம்போடு எறும்பும் சேர்ந்து துணிக்கு வந்துவிட்டது. துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மோசமான மனிதர் இல்லை. குழந்தைகளின் கன்னத்தைத் தட்டினார். "இங்கே ஏதோ படமெல்லாம் போடுகிறார்களாமே, எங்கே?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். சார், இந்தச் சுண்ணாம்புக்கு அடியில் ஒரு சிவப்பு ஏரி இருக்கிறது, ஓர் எறும்புச் சாரி இருக்கிறது, பேசாத குழந்தை அங்கேதான் பேசியது... எல்லாம் நாக்கின் நுனியில் நின்றன. அப்போது வாசலில் எல்லம்மா தெரிந்தாள். வெந்த கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பரீட்சை எழுதினவள் போல நின்றாள். 'அழித்தது இவர்கள்' என்று அவள் காது கேட்க எப்படிச் சொல்வேன்?

"வெளியிலே... மண்ணில் போடுவார்கள் சார்" என்றேன்.

"பேஷ். சுவரைப் பாழாக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதுவே பெரிய பாடம்" என்றார். எங்கள் முறை அவருக்குப் பரம திருப்தி. இப்படியே நடத்தலாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார் -- முதல் தடவையாக. "கேட்டீங்கல்ல? இப்படியே. சுவர் இப்படியே இருக்கணும்."

ஜெயித்துவிட்டேன். பிரம்பு வராது, ஏரிக்கரைக்கும் தடையில்லை. ஆனாலும் இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? கெட்டது செய்தவர்களாக இருந்தால் சண்டை போடலாம். தன் வீட்டுச் சுவரை விட்டுவிட்டு என் சுவருக்கு வந்த கையோடு எப்படிச் சண்டை போடுவது? குழந்தைகள் செய்ததை அழிக்கிறவர்கள் எல்லோரும் குழந்தைகளை வெறுக்கிறவர்களா என்ன? பெரும்பாலும் அவர்களுக்காக உயிரை விடுகிறவர்கள்தான். உங்கள் வீட்டிலும், என் வீட்டிலும்.

நேற்று மாலை எல்லம்மா நாகியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நல்லா சொல்லி வெச்சிட்டேன் டீச்சரம்மா. இனிமே செவுத்துல கை வெக்க மாட்டா."

இன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போனோம். எறும்புகள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன. நாகி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கரித்துண்டை நீட்டினேன். கரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு வருஷமாக நான் அவிழ்த்த கை அது.