மாரிக்கண்ணுவின் வலது கை

விழிதியூரில் மாரிக்கண்ணுவைத் தெரியாதவர் இருக்கலாம். அவள் வலது கையைத் தெரியாதவர் கிடையாது. தெட்சிணாமூர்த்தியின் மீன்குஞ்சுப் பண்ணையில் அந்தக் கைக்குத்தான் வேலை. ஆடி மாதம் தாய்மீனுக்கு ஊசி போட்டு, வயிற்றை அழுத்தி, முட்டையைப் பிளாஸ்டிக் பேசினில் பிதுக்குவார்கள். ஆண்மீனைப் பிதுக்கினால் பால்போல விந்து வரும். இரண்டையும் கோழி இறகால் கலக்கவேண்டும். அழுத்திக் கலக்கினால் முட்டை நசுங்கும், பட்டும்படாமல் கலக்கினால் சேராது. மாரிக்கண்ணு கலக்கிய முட்டை வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாகத் தெளியும். மறுநாள் உள்ளே குஞ்சு துடிக்கும்.

கைராசிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அவளுக்குக் குழந்தை இல்லை. குழந்தையில்லாதவளை வளைகாப்புக்குக் கூப்பிட்டாலும் ஓரமாக உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புகிற ஊர் எங்களுடையது. அதில் எங்களுக்கு வெட்கமும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் தெட்சிணாமூர்த்தியின் மனைவி கமலாம்பாள், தன் மருமகள் சந்திரலேகாவின் வளைகாப்பில் மாரிக்கண்ணுவை முன்னால் அழைத்து முதல் வளையலைப் போடச் சொன்னாள்.

"லட்சக்கணக்குல உசுரு பொரிச்ச கை. இவ போடாம வேற யாரு போடுறது?"

அதன்பிறகு ஊரில் எந்த வீட்டு வளைகாப்பு என்றாலும் மாரிக்கண்ணுவுக்கு ஆள் போகும். அன்றைக்கு மஞ்சள் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவாள். அவளாகச் சம்பாதித்த மரியாதை என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேர்கிற கடைமடைக்காரனுக்குத் தண்ணீர்மேல் கொஞ்சம் பைத்தியம் உண்டு. தெட்சிணாமூர்த்திக்கு முழுப் பைத்தியம். வயலில் வடிகிற தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்த்து வயிறெரிந்து, அதை ஆணும் பெண்ணுமாக மீன் கிடக்கிற தாய்மீன் குளத்துக்குத் திருப்பிக் குழாய் போட்டார். "உரத்தண்ணியக் கடலுக்கு விடுறவன் கேனயன். பாசி புடிச்சா மீனு தின்னு கொழுக்கும்ல," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். மீன் கொழுத்தது உண்மைதான். நெல்லில் விழுந்த புகையானுக்கும் குருத்துப்பூச்சிக்கும் அவர் அடித்த மருந்து அதே குழாயில் குளத்துக்கு வந்ததும் உண்மை. மீன் ஒன்றும் செத்து மிதக்கவில்லை. அதனால் மருந்தை அவர் நினைக்கவே இல்லை.

மறு ஆடியில் மாரிக்கண்ணு கலக்கிய முட்டை வேகாத ஜவ்வரிசியாக வெளுத்தது. வேறு மீனுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதுவும் வெள்ளை. பொரிக்கவிட்ட தொட்டி நாறியது. யாரும் குளத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் கையைப் பார்த்தார்கள்.

ஆவணி பிறந்ததும் கமலாம்பாளின் மகள் தமிழ்மொழிக்கு வளைகாப்பு. ஆள் வரவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பார்கள் என்று மாரிக்கண்ணு தானாகவே போனாள், காரைக்கால் கடைத்தெருவில் வாங்கிய பச்சை வளையல்களோடு.

"அங்கனயே நில்லு மாரி," என்றாள் கமலாம்பாள். சத்தம்கூடப் போடவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "எம்பொண்ணு வயித்துல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதையும் வெளுக்க வச்சுடாத. இருந்து சாப்புட்டுட்டுப் போ."

கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப்பேருக்கு மாரிக்கண்ணு வளையல் போட்டிருக்கிறாள். ஒருத்தி நகர்ந்து பந்திக்கு வழிவிட்டாள். வளையலை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு அவள் பந்திக்குப் போய்ச் சாப்பிட்டாள். சாப்பிடாமல் போனால் சாபம் விட்டுப் போனாள் என்பார்களே.

மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இறகு சந்திரலேகாவின் கைக்குப் போனது. இரண்டு பிள்ளை பெற்ற கை. முட்டை அப்போதும் வெளுத்தது. "அவ தொட்ட பேசின்ல வேற எப்டி இருக்கும்?" என்று கமலாம்பாள் பேசினைத் தூக்கி எறிந்தாள். புதுப் பேசினிலும் வெளுத்தது.

கடைசியில் தெட்சிணாமூர்த்தி, மீன்வளம் படித்த எழிலன் என்கிற பையனைக் கூட்டிவந்தார். அவன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முட்டையில கொறை இல்லீங்க. கலக்குன கையிலயும் இல்ல. ஆண்மீனோட விந்தப் பாருங்க, தண்ணி பட்டதும் நீந்தணும். இது அசையவே இல்ல. பூச்சிமருந்துத் தண்ணியில ரொம்ப நாளு கெடந்தா இப்டித்தான் ஆவும். கொழாய அடைங்க. வேற குளத்துலேருந்து ஆண்மீன் கொண்டாங்க."

தெட்சிணாமூர்த்தி அன்றே குழாயை அடைத்தார். பிறகு எழிலனைத் தனியாக அழைத்துப்போனார்.

"தம்பி, தண்ணிதான்னு வெளிய சொல்லிடாதீங்க. தண்ணி கெட்டுதுன்னா எவன் எங்கிட்ட குஞ்சு வாங்குவான்? மாரி கைராசி போச்சுன்னு ஊரே பேசுது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

வெளிக்குளத்து ஆண்மீன்கள் வந்தன. முட்டை தெளிந்தது, குஞ்சு துடித்தது. சந்திரலேகாவின் கைராசியை ஊர் மெச்சியது.

எழிலனுக்கு மனசு கேட்கவில்லை. மாரிக்கண்ணு வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவனே என்னிடம் சொன்னது இது. கேட்டு முடித்ததும் அவள் ஒன்றுதான் விசாரித்தாளாம்:

"பண்ணைக்காரங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா. அன்னிக்கே சொல்லிட்டேன்."

"சரிங்க தம்பி," என்று உள்ளே போய்விட்டாள்.

நான் இதை டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். "இருக்கும், இருக்கும்," என்று தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்த எந்த வளைகாப்புக்கும் அவளுக்கு ஆள் போகவில்லை. உண்மை தெரிந்தால் ஊர் திருந்திவிடும் என்று நினைத்த என்னைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும்.

இப்போது மாரிக்கண்ணு கோவில்பத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாள். போன வாரம் நான் போன பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வழியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். வெளியூர்ப் பெண், இவளைத் தெரியாது. நிற்க முடியாமல் தடுமாறியவள், நம் பஸ்களில் எல்லோரும் செய்வதுபோல, குழந்தையை உட்கார்ந்திருந்தவளிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் வச்சுக்கங்கக்கா."

மாரிக்கண்ணுவின் இரண்டு கையும் மேலே வந்தன. குழந்தையின் கால் தன் விரலில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நீ ஒக்காரும்மா," என்று எழுந்துவிட்டாள்.

கோவில்பத்து வரும்வரை இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.