ரோசா அன்ரி முணுமுணுத்த வரி

ரோசா அன்ரி போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, சின்னவனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். கனடாவில், ஸ்காபரோவில் அவரும் நாங்களும் குடியிருந்த கட்டடம் எதுவென்று எழுதமாட்டேன். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடினீர்கள். நான்தான் சந்தேகப்பட்டேன்.

மெக்சிக்கோவில் இளவயதிலேயே கிற்றாரோடு திருவிழாக்களில் பாடியவர், தானே பாட்டுக் கட்டியவர். வானொலியில் பாடினார், இசைத்தட்டுகளும் வந்தன. இங்கே மகளிடம் வந்தபின் சனிக்கிழமைகளில் ஓர் உணவகத்தில் பாடினார். மெக்சிக்கோக்காரரின் கதைப்பாட்டில் ஆள், ஊர், நடந்த சம்பவம் எல்லாம் உள்ளபடி வரவேண்டும். "செத்தவன் பெயரும் பாடினேன், சுட்டவன் பெயரும் பாடினேன்" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்வார்.

எனக்கு அதுதான் பயம். தேநீர் குடிக்க வந்தால் கேள்விக்குமேல் கேள்வி. இலங்கையில் சண்டைக்குள் தான் எங்களையும் அயலவரையும் படகில் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடந்த கதையை என் கணவர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

"உவ ஏன் இவ்வளவு விடுத்து விடுத்துக் கேக்கிறா? ஆரிட்டப் போய்ச் சொல்லுவாவோ?"

"இஞ்சேரும், அவ பாட்டுக்காரி. சிஐடியே?"

"நீங்கள் சிரியுங்கோ. உங்கடை அண்ணை இன்னும் அங்கதான் இருக்கிறார்."

ஒருநாள் ரோசா அன்ரி எங்கள் குசினி மேசையில் அமர்ந்து புதுப்பாட்டு ஒன்று பாடினார். ஸ்பானிய மொழி, ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் என் கணவரின் முழுப்பெயரும் எங்கள் ஊரும் தெளிவாக வந்தன. கிற்றார்த் தந்திகளைக் கையால் பொத்தினேன். படகோட்டியது யாரென்று வெளியே தெரிந்தால் அங்கே அண்ணனைப் பிடித்துக்கொண்டு போவார்கள், வேறு பெயர் போடுங்கள் என்றேன்.

"பொய்ப்பெயர் பாடமாட்டேன்" என்றார். சற்று யோசித்துவிட்டு மறுபடி பாடினார். பெயர் வரும் இடங்களில் வாயை மூடி, மெட்டை மட்டும் முணுமுணுத்தார். "இது பொய் இல்லை. காத்திருக்கிற உண்மை."

நான் நம்பவில்லை. உணவகத்துக்குக் கணவரை அனுப்பிப் பார்த்தேன்.

"முணுமுணுத்தவவோ?"

"ஓம். வேணுமெண்டால் நீர் போய் வாயைப் பொத்திப் பிடியும்."

மேடையில் அடக்கினால் போதுமா? வீட்டில் மகளிடம் சொல்லாமலா இருப்பார் என்று அப்போதும் என் மனம் அரித்தது.

இறுதிச் சடங்கில் மகள் அந்தப் பாட்டைப் பாடினாள். அதே இடங்களில் அவளும் முணுமுணுத்தாள். பிறகு என்னருகே வந்து கேட்டாள்: "அந்த இடத்தில் யாருடைய பெயரென்று உங்களுக்குத் தெரியுமா? எத்தனையோ தரம் கேட்டேன். அம்மா எனக்குக்கூடச் சொல்லவில்லை."

தெரியாது என்றேன். அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ரோசா அன்ரியின் பாட்டுகளில் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவர் பாடாமல் விட்டதுதான் என்னிடம் இருக்கிறது.